நுளம்புக் குடம்பியும் உலகத் தரவரிசையும்

குருநகரான்:
யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. 1974இல் வளாகமாகத் தொடங்கினார்கள், 1978இல் மருத்துவ பீடம், 1979இல் தனிப் பல்கலைக்கழகம். சரி, இத்தனை வருசத்தில் விஞ்ஞானத்திலும் மருத்துவத்திலும் உலகம் திரும்பிப் பார்க்க என்ன செய்தார்கள்? எந்த உலகத் தரவரிசையை எடுத்தாலும் முன்பக்கங்களில் தேடவே வேண்டாம். பட்டமளிப்பு விழாப் படம் மட்டும் வருசா வருசம் பளிச்சென்று வருகிறது. கோபப்படாமல் பதில் சொல்லுங்கள்.

கந்தர்மடம் ரீச்சர்:
கோபமில்லை தம்பி. குருநகர் கடற்கரை ஊரல்லவா, உங்கள் பெயரைப் பார்த்ததும் ஒன்று நினைவுக்கு வந்தது. டெங்கு நுளம்பு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும் என்று நானே பள்ளிக்கூடத்தில் படிப்பித்திருக்கிறேன். பாடப்புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. 2011இல் நம் விலங்கியல் துறைப் பேராசிரியர் சுரேந்திரன் குழுவினரும் விஞ்ஞானி ரஞ்சன் ராமசாமியும் மட்டக்களப்புக் கிழக்குப் பல்கலைக்கழகத்தவரும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கரையோரத்தில் கைவிடப்பட்ட மீன்பிடி வள்ளம், பாவிக்காத கிணறு, எறிந்த பிளாஸ்டிக் கோப்பை, கண்ணாடிப் போத்தல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறார்கள். ஆயிரத்தில் 2 முதல் 15 பங்கு வரை உப்பிருந்த உவர்நீரில் டெங்கு நுளம்பின் குடம்பி இருந்தது. கடல்நீரில் ஏறக்குறைய 35 பங்கு. அதாவது பாதிக் கடல்நீருக்குக் கிட்ட வரும் உவர்ப்பிலும் அது வளருகிறது. யாழ் நகரில் அந்த உவர்நீர் இடங்களுக்குப் பக்கத்தில் டெங்கு நோயாளர் கூடுதலாக இருந்ததையும் காட்டினார்கள்.

இதைப் பார்க்க இந்தக் கரையில்தான் நடக்க வேண்டும். பெரிய பல்கலைக்கழகம் எதுவும் உங்கள் வீட்டு வளவுக்கு வந்து போத்தலுக்குள் எட்டிப் பார்த்திராது.

குருநகரான்:
ஒரு நுளம்பைப் பிடித்துக்கொண்டு ஐம்பது வருசத்தைக் கடந்துவிடலாமா ரீச்சர்? அதிலும் கூட்டுக் கட்டுரை. எண்ணிக்கையைச் சொல்லுங்கள்.

ஸ்காபரோ சிவா:
எண்ணிக்கை கேட்டதால் நான் வருகிறேன், தரவுதான் என் பிழைப்பு. டைம்ஸ் உயர்கல்வித் தரவரிசையில் இடம்பெறவே ஐந்து வருசத்தில் ஆயிரம் கட்டுரை வேண்டும். அந்த வாசலிலேயே சின்னப் பல்கலைக்கழகங்கள் நின்றுவிடும். அப்புறம், "கூட்டுக் கட்டுரை" என்று இளக்காரமாகச் சொன்னீர்கள். 2015இல் ஹிக்ஸ் என்ற அணுவிலும் சின்னத் துகளின் நிறையை அளந்து ஜெனீவாவின் சேர்ன் (CERN) ஆய்வுகூடக்காரர்கள் வெளியிட்ட கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். மொத்தம் 33 பக்கம், அதில் 24 பக்கம் ஆசிரியர்களும் அவரவர் நிறுவனங்களும்தான். அந்தப் பட்டியலில் ஓர் ஓரத்தில் பெயர் இருந்தாலே ஒரு சின்னப் பல்கலைக்கழகத்தின் மேற்கோள் கணக்கு, அதாவது மற்ற ஆய்வாளர்கள் அதன் கட்டுரைகளை எடுத்துக்காட்டும் எண்ணிக்கை, எகிறும். நிறையப் பேர் சேர்ந்து எழுதும் மருத்துவக் கட்டுரைகளிலும் இதே கதைதான். இப்படிப் பெரிய கூட்டுக்குள் ஓர் ஆள் போனதால் ஏறும் எண்ணை வைத்துப் பெருமைப்படவும் வேண்டாம், அது இல்லையென்று அழவும் வேண்டாம்.

ஆனால் ரீச்சர், குருநகரான் அண்ணை கேட்டதில் பாதி நியாயம். ஒரு துறையில் இரண்டு மூன்று பேர் மட்டும் எழுத, மற்றவர்கள் பதவி உயர்வுக்கு வேண்டிய அளவோடு நிறுத்திக்கொள்வது உலகமெங்கும் இருக்கிற நோய். இங்கு மட்டும் இராது என்று நான் நம்பமாட்டேன்.

கந்தர்மடம் ரீச்சர்:
ஒரு நுளம்பு மட்டுமில்லை தம்பி. 2016 செப்டம்பரில் இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார அமைப்பு சான்று தந்தது. அந்த வருச முடிவிலேயே மன்னாரில் இந்திய நகரங்களின் மலேரியா நுளம்பான அனோபிலிஸ் ஸ்டீபன்சி அகப்பட்டது. பிறகு யாழ்ப்பாணத்திலும் அது இருப்பதைச் சொன்னவர்கள் இதே விலங்கியல் துறைக்காரர். பௌதிகத்தில் ரவிராஜன் பல்பகுதிய (பொலிமர்) சூரியக் கலத்தில் வேலை செய்கிறார். மருத்துவ பீடத்தில் உளமருத்துவர் தயா சோமசுந்தரம் போர்க்காலத்தில் இங்கேயே இருந்து பார்த்ததை வைத்து, மனவடு தனி ஆளுக்கு மட்டும் வருவதில்லை, குடும்பமும் ஊரும் சேர்ந்தே உடைகின்றன என்று 2007இல் எழுதினார். அந்த நோயாளிகளோடு இருந்த ஒருவர்தான் அதை எழுத முடியும்.

வெள்ளைக்கோட்டு:
நான் அந்தப் பீடத்தில் படித்தவள். ரீச்சர் சொன்னதெல்லாம் சரி, ஆனால் நான் குருநகரான் அண்ணை பக்கம். காரணம் மட்டும் வேறு.

மாணவியாக இருந்தபோது நாங்கள் நாலு பேர் ஒரு கிராமத்தில் கிணற்று நீர் பற்றி வீடு வீடாகக் கேட்டோம். குடாநாடு சுண்ணாம்புக்கல் நிலம். வெங்காயத்துக்குப் போடுகிற யூரியா மண்ணில் நைத்திரேற்றாக மாறி, மழையோடு நேரே கீழே இறங்கிவிடும். நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, தாண்டினால் பால்மாவுக்கு அந்தத் தண்ணீரைக் கலக்கும் கைக்குழந்தைக்கு ஆபத்து. ஓர் அம்மா செம்பு நிறையத் தண்ணீர் தந்துவிட்டு, "பிள்ளை, சோதிச்சு முடிஞ்சா எனக்கும் சொல்லுவியளோ?" என்று கேட்டார். சொல்லுவோம் என்றோம். அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதி, கட்டிக் கொடுத்து, புள்ளியும் வாங்கினோம். யாரும் திரும்பிப் போகவில்லை. நானும் போகவில்லை. அந்தக் கிணற்றின் அளவு எவ்வளவென்று எனக்கு இன்றும் நினைவிருக்கிறது, அந்த அம்மாவுக்குத்தான் தெரியாது.

ஸ்காபரோ சிவா:
இதைத் தரவரிசைக்காரர் அளப்பதில்லை தங்கச்சி.

வெள்ளைக்கோட்டு:
அவர்கள் அளக்காவிட்டால் நாங்களும் அளக்கத் தேவையில்லையா அண்ணா? ஒவ்வொரு ஆய்வுக்கும் தமிழில் ஒரு பக்கம் எழுதி, ஆய்வு நடந்த ஊர்ச் சனசமூக நிலையத்தில் ஒட்ட வேண்டும் என்று விதி போடட்டும். ஒரு பக்கம்தான் கேட்கிறேன்.

கந்தர்மடம் ரீச்சர்:
அதற்கும் விரிவுரையாளருக்கு நேரம் வேண்டும் பிள்ளை. காலை வகுப்பு, பின்னேரம் விடைத்தாள். வைத்தியர்களுக்கு அதற்கு மேல் வார்ட்டும் கிளினிக்கும். அவர்களை மட்டும் குறை சொல்லாதேயுங்கோ.

வெள்ளைக்கோட்டு:
நேரமில்லை என்பது எனக்கும் தெரியும் ரீச்சர், நானும் இப்போது வார்ட்டில்தான். ஆனாலும் ஆங்கிலக் கட்டுரைக்கு நேரம் கிடைக்கிறதே.

குருநகரான்:
தங்கச்சி கேட்டது எனக்குச் சுட்டுவிட்டது. போன மாரியில் டெங்குப் பரிசோதனைக்கு வந்தவர்கள் என் வளவில் சிரட்டை, பூச்சாடி, டயர் எல்லாம் கவிழ்த்துப் பார்த்தார்கள். பின்னால் ஒரு உடைந்த வள்ளம் கிடக்கிறது, அப்பாவினுடையது. அதற்குள் தண்ணீர் நின்றது. "அது உப்புத் தண்ணி, பரவாயில்லை" என்று நானே சொல்லி அனுப்பினேன். அவர்களும் தலையாட்டிவிட்டுப் போனார்கள். 2011இல் வந்த கட்டுரை என்கிறீர்கள்.

இப்போது டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு வருகிறேன். நெளிகிறது ரீச்சர். விடிந்ததும் தம்பியைக் கூப்பிட்டுக் கவிழ்க்க வேண்டும், தனியே தூக்க ஏலாது.