கேட்டலிஸ்ட் கேமிங் பங்கு: வருமானம் ஏறியும் விலை நகரவில்லையே?

பொங்கோல்வாசி:
மொபைல் கேம் கம்பெனிகளுக்கு லாகின், கட்டணம், சர்வர் மென்பொருள் செய்து கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனம், கேட்டலிஸ்ட்டில் (சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையில் சிறு நிறுவனங்களுக்கான பட்டியல்) இருக்கிறது. பெயர் வேண்டாம், பேச்சு வேறு பக்கம் போய்விடும். விலை 2 காசுக்கும் 3 காசுக்கும் நடுவிலேயே கிடக்கிறது. அரையாண்டு அறிக்கையில் வருமானமும் லாபமும் கூடியிருக்கின்றன, புது ஒப்பந்தமும் அறிவித்திருக்கிறார்கள். இப்போது வாங்கலாமா, இல்லை சந்தை வேறு எதையாவது பார்த்துவிட்டதா?

கணக்குப்பிள்ளை:
லாபத்தை விடுங்கள், ரொக்க ஓட்ட அறிக்கையைத் திறங்கள். மென்பொருள் உருவாக்கும் செலவைச் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டுச் சொத்தாகக் காட்டக் கணக்கியல் விதிகள் இடம் கொடுக்கின்றன. புரோகிராமர் சம்பளம் 20 லட்சம் வெள்ளி என்று வையுங்கள். அதில் 15 லட்சத்தைச் சொத்தில் ஏற்றினால் அந்த ஆண்டு லாபம் ஏறக்குறைய அவ்வளவு கூடித் தெரியும். பணம் போனது போனதுதான். அது முதலீட்டு நடவடிக்கைகள் பகுதியில், அருவச் சொத்துகள் (மென்பொருள் போலத் தொட்டுப் பார்க்க முடியாத சொத்துகள்) என்ற வரியில் இருக்கும். செயல்பாட்டு ரொக்கத்திலிருந்து, அதாவது தொழில் நடத்தி வந்த பணத்திலிருந்து, அதைக் கழித்துப் பாருங்கள். மிச்சம் மைனஸ் என்றால் அந்த லாபம் காகிதத்தில்தான். பிறகு அந்த மென்பொருள் விலைபோகவில்லை என்றால் மொத்தத்தையும் ஒரே ஆண்டில் நட்டமாக எழுதுவார்கள்.

வருமானத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஆட்டக்காரர் கட்டும் 100 வெள்ளியையும் தன் வருமானமாகக் காட்டுகிறார்களா, தரகு போகத் தனக்கு வரும் பங்கை மட்டுமா? ஒப்பந்த முறை மாறினாலே கையில் ஒரு காசு கூடாமல் வருமானம் எகிறும்.

உட்லண்ட்ஸ் முதலீட்டாளர்:
கணக்குப்பிள்ளை அண்ணே சொல்வது சரி, ஆனால் இந்தத் தொழிலின் பலத்தையும் பார்க்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் கேமிலிருந்து லாகினையும் கட்டண அமைப்பையும் பிடுங்கி மாற்றுவது சுலபமில்லை. ஆட்டக்காரர் கணக்குகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அதனால் வாடிக்கையாளர் சட்டென்று விலக மாட்டார். புது ஒப்பந்தத்தில் குறைந்தபட்சத் தொகை உறுதியா, வெறும் வருமானப் பங்கா என்பதுதான் கேள்வி. வெறும் பங்கு என்றால் கேம் வெளிவரும்வரை ஒன்றும் வராது. சீனச் சந்தையை நம்பிய கேம் என்றால் இன்னும் கவனம்: 2021 ஜூலை முதல் 2022 ஏப்ரல் வரை அங்கே புது கேம்களுக்கு உரிமமே கொடுக்கவில்லை.

தோபாயோ டிரேடர்:
பங்குகளின் எண்ணிக்கையை யாரும் தொடவில்லையே! பொது ஆணைக்கு (ஒவ்வொரு முறையும் கேட்காமல் புதுப் பங்கு வெளியிடும் அனுமதி) ஆண்டுக் கூட்டத்தில் ஒப்புதல் வாங்கிவிட்டால், கேட்டலிஸ்ட் நிறுவனம் இருக்கும் பங்குகளில் 50 விழுக்காடு வரை புதுப் பங்குகளை வெளியாருக்கு விற்கலாம், நம் பங்கின் அளவு சுருங்கும். பெரிய நிறுவனங்களின் பட்டியலான மெயின்போர்டில் இது 20தான். ரொக்கம் தீர்ந்தால் அடுத்தது பிளேஸ்மென்ட்தான் (புதுப் பங்குகளைத் தேர்ந்த சிலருக்கு நேரடியாக விற்பது), அதுவும் சந்தை விலையில் 10 விழுக்காடு வரை தள்ளுபடியில். சந்தை அதற்குத்தான் காத்திருக்கிறது என்பது என் கணிப்பு.

வருமான வளர்ச்சியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு கேமிங் கருவிகள் செய்யும் ரேசர் நிறுவனத்தைப் பாருங்கள். 2017 நவம்பரில் ஹாங்காங்கில் 3.88 ஹாங்காங் டாலருக்குப் பட்டியலானது. 2020க்குள் வருமானம் இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. 2022ல் பட்டியலிலிருந்து விலகியபோது கிடைத்தது 2.82.

இன்னொன்று, 20 காசுக்குக் கீழே விலை 0.1 காசு படியாகத்தான் நகரும். 2 காசுப் பங்கில் ஒரு படியே 5 விழுக்காடு. 2.1க்கு வாங்கி உடனே 2.0க்கு விற்றால், தரகுக்கு முன்பே ஏறக்குறைய அவ்வளவும் நட்டம். லிமிட் ஆர்டர் (நீங்கள் குறித்த விலைக்கு மட்டும் வாங்கும், விற்கும் ஆணை) மட்டும் போடுங்கள்.

பொங்கோல்வாசி:
நன்றி. அறிக்கையைப் பார்த்தேன். அருவச் சொத்துச் செலவு செயல்பாட்டு ரொக்கத்தைவிட அதிகம். வருமானத்தில் 10 விழுக்காட்டுக்கு மேல் கொடுப்பவர்கள் என்று இரண்டே வாடிக்கையாளர்களைத்தான் காட்டியிருக்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை:
அப்படியென்றால் அந்த இரண்டு ஒப்பந்தங்களும் எப்போது முடிகின்றன என்று ஆண்டுக் கூட்டத்துக்கு முன்பே எழுதிக் கேளுங்கள். பங்கு கையில் இருந்தால்தான் கேட்க முடியும், ஒரு லாட் (ஒரு முறை வாங்கும் குறைந்தபட்ச அளவு) 100 பங்குகள்தான். பதில் வரும்வரை பெரிய தொகை போட வேண்டாம்.