மறுவீட்டுக்கு 40 பேருக்குச் சொதி: அளவும் பக்குவமும் சொல்லுங்க

கீழரதவீதி கேட்டது:

தங்கச்சி கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டு விருந்து. மாப்பிள்ளை வீட்டுலேர்ந்து 25 பேர் வாராவ, நாங்க 15 பேர். மண்டபம் வேண்டாம், வீட்டு மாடியிலேயே பந்தி போடலாம்னு அப்பா சொல்லிட்டாங்க. ஒரு பந்திக்கு 20 இலைதான் விழும், அதனால ரெண்டு பந்தி.

தேங்காய்ப்பால்ல வைக்கிற சொதிக் குழம்பு இல்லாம மறுவீடு கிடையாது. 5 பேருக்குச் சொதி வைக்க மதினிக்கும் சித்திக்கும் நல்லாவே தெரியும். அதையே எட்டால பெருக்கிட்டா சரியா வருமா? கூட்டத்துக்கு வைக்கும்போது பால் திரிஞ்சு போகும்னு எல்லாரும் பயங்காட்டுதாங்க. அது ஏன்? தொட்டுக்கிட என்னென்ன வைக்கணும்?

ஆச்சி அடுக்களை:

எல்லாத்தையும் எட்டால பெருக்காதீங்க. தேங்காயும் காயும் பெருகும். மிளகாய், இஞ்சி, உப்பு மூணும் அப்படியே பெருக்கினா கூடிப்போகும். முக்கால் பங்கு போட்டு ருசி பார்த்துட்டு மிச்சத்தைச் சேருங்க.

40 பேருக்கு: பெரிய தேங்காய் 14. பாசிப்பருப்பு அரைக் கிலோ, வாசம் வர லேசா வறுத்து, மலர வேகவெச்சாப் போதும். குழைஞ்சா சொதி கூழாப் போயிரும். கேரட் 1 கிலோ, பீன்ஸ் 1 கிலோ, உருளைக்கிழங்கு ஒன்றரைக் கிலோ, உரிச்ச பச்சைப் பட்டாணி அரைக் கிலோ, முருங்கைக்காய் 12 (ஆளுக்கு ரெண்டு துண்டு விழணும்). சின்ன வெங்காயம் முக்கால் கிலோ, பூண்டு கால் கிலோ, ரெண்டையும் முழுசா வதக்கிப் போடணும். பச்சை மிளகாய் 150 கிராம், இஞ்சி 150 கிராம் சேர்த்து விழுதா அரைச்சுக்கிடுங்க. எலுமிச்சம்பழம் எட்டு போதும், ஆனா 12 வாங்கி வைங்க, சில பழத்துல சாறே இருக்காது. புளியங்குடிப் பழம் கிடைச்சா விடாதீங்க.

மஞ்சள்பொடி, தக்காளி, கத்தரிக்காய் மூணும் வேண்டாம். சொதி வெள்ளையா இருக்கணும். தேங்காயைத் திருவும்போதும் ஓடு வரைக்கும் சுரண்டாதீங்க, பழுப்புத் தோல் விழுந்தா நிறம் மங்கிடும்.

அரிசி 5 கிலோ வேணும். வேற குழம்பு கிடையாது, எல்லாரும் ரெண்டாந்தரமும் சொதிதான் கேப்பாங்க.

சருவம்:

திரியறதுக்குக் காரணம் சொல்லுதேன். தேங்காய்ப்பால்னா தண்ணியும் எண்ணெயும் கலந்து நிக்கிறது. அந்தக் கலப்பைப் பிடிச்சு வைக்கிறது தேங்காயில இருக்கிற புரதம். தளதளன்னு கொதிச்சாலோ, சூட்டோட சூடா எலுமிச்சைச் சாறு விழுந்தாலோ புரதம் திரண்டு, எண்ணெய் தனியா மிதக்கும். 5 பேருக்கு வைக்கிற சட்டி இறக்கின கொஞ்ச நேரத்துல ஆறிடும். 12 லிட்டர் சருவப் பாத்திரத்துல அடுப்பை அணைச்ச பிறகும் உள்ளே கொதிச் சூடு ரொம்ப நேரம் இறங்காது. வீட்டுல திரியாத சொதி விருந்துல திரியறது இதனாலதான்.

அதனால ரெண்டு பந்திக்கும் சேர்த்து ஒரே சருவத்துல முடிக்கவே கூடாது.

காய் வேகிறது ஒரே பெரிய சருவத்துல நடக்கட்டும். தேங்காயை அரைச்சு முதல்ல பிழியற கெட்டிப் பால் தலைப்பால், அதே சக்கையில மறுபடி மறுபடி தண்ணி விட்டுப் பிழியறது ரெண்டாம் பால், மூணாம் பால். மூணாம் பால் 4 லிட்டர் ஊத்தி, பீன்ஸ், கேரட், பட்டாணி முதல்ல. அது பாதி வெந்ததும் உருளை, முருங்கைக்காய். இஞ்சி மிளகாய் விழுதையும் இப்பவே போட்டாத்தான் பச்சை வாசம் போகும். காய் வெந்ததும் பருப்பு, வதக்கின வெங்காயம் பூண்டு, உப்பு. பிறகு ரெண்டாம் பால் 3 லிட்டர் ஊத்தி, ஓரத்துல கொதி தட்டினதும் இறக்கிடுங்க.

இங்கேயே ரெண்டு 10 லிட்டர் எவர்சில்வர் பாத்திரத்துல சரிபாதியாப் பிரிச்சிருங்க. முதல் பந்திக்கு இலை போடறதுக்குக் கால் மணி முன்னாடி ஒண்ணை அடுப்புல ஏத்தி, நல்லா சூடானதும் தலைப்பால்ல பாதியை, அதாவது ஒன்றேகால் லிட்டர், சின்னத் தீயில ஊத்தி, அகப்பையால ஒரே பக்கமாக் கிண்டுங்க. ஓரம் முழுக்க நுரை கட்டி நடுவுல லேசா எழும்பும். அந்த நிமிஷம் இறக்கணும், கொதி வரக் கூடாது. தேங்காய் எண்ணெயில கடுகு, சீரகம், கறிவேப்பிலை, முந்திரி தாளிச்சுக் கொட்டுங்க. பத்து நிமிஷம் ஆறவிட்டு நாலு பழச் சாறு. ரெண்டாவது பாத்திரத்தை முதல் பந்தியில மோர் ஊத்தும்போது அடுப்பேத்தினாச் சரியா இருக்கும்.

இறக்கின பிறகு தட்டுப் போட்டு மூடாதீங்க, ஆவி அடைஞ்சு சூடு இறங்காது. மெல்லிய துணி போட்டா போதும். ஈயம் பூசாத பித்தளையிலோ அலுமினியத்திலோ எலுமிச்சை விழக் கூடாது.

கீழரதவீதி:

ரொம்ப நன்றி அண்ணாச்சி, ரெண்டு பாத்திரம் யோசனை எங்களுக்குத் தோணவே இல்ல. முந்தின நாள் ராத்திரியே பால் எடுத்து ஃபிரிட்ஜ்ல வெச்சுக்கிடலாமா? கல்யாண அலுப்போட காலையில 14 தேங்காய் திருவணும்.

வடக்குத்தெரு:

பால் வேண்டாம், திருவல் போதும். முந்தின ராத்திரி திருவி, மூடின டப்பாவுல ஃபிரிட்ஜ்ல வைங்க. காலையில கொஞ்ச நேரம் வெளியே வெச்சு, வெதுவெதுப்பான தண்ணி விட்டு அரைங்க. ஜில்லுன்னு அரைச்சா கொழுப்பு உறைஞ்சு சக்கையோடயே தங்கிடும், பால் இறங்காது. மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டுங்க. தொடர்ந்து ஓட்டினா ஜார் சூடாகி எண்ணெய் பிரியும். தலைப்பாலுக்கு மொத்தம் ஒன்றரை லிட்டர் தண்ணிக்கு மேல வேண்டாம், ரெண்டரை லிட்டர் பால் கிடைக்கும். ஒவ்வொரு தேங்காயும் உடைச்சதும் மோந்து பாருங்க. காறின தேங்காய் ஒண்ணு சேர்ந்தாலும் அத்தனை சொதியிலும் அந்த வாடை அடிக்கும்.

தொட்டுக்கிட இஞ்சித் துவையல் கட்டாயம். இவ்வளவு தேங்காய்ப்பாலும் செரிக்க அதுதான் துணை. இஞ்சி கால் கிலோ, உளுந்து 100 கிராம், மிளகாய் வத்தல் 25 கிராம், புளி 75 கிராம், வெல்லம் 150 கிராம். இஞ்சியை நல்லெண்ணெயில சுருள வதக்கி அரைச்சா முந்தின நாளே செஞ்சு வைக்கலாம். அப்புறம் உருளைக்கிழங்கு காரக்கறி 4 கிலோ கிழங்குல, நேந்திரங்காய் சிப்ஸ், அப்பளம். இனிப்புக்குத் தேங்காய்ப்பால் பாயசம் வைக்காதீங்க, சொதிக்கு மேல அது திகட்டும். ஆளுக்கு 50 கிராம் அல்வா, 2 கிலோ வாங்கினா முடிஞ்சது.

தென்காசிரோடு:

சருவம் அண்ணாச்சி சொன்னதுல எலுமிச்சை மட்டும் நான் மாத்துவேன். பாத்திரத்துக்கு மூணு பழம் பிழிஞ்சு நிறுத்துங்க. மாப்பிள்ளை வீட்டார் புளிப்பு எப்படிச் சாப்பிடுவாங்கன்னு நமக்குத் தெரியாது. மிச்சப் பழத்தை நறுக்கிப் பந்தியில கையில வெச்சிருந்தா, கேக்கிறவங்க இலையில பிழிஞ்சுவிடலாம். புளிப்பு கூடினா சரிபண்ண வழியே இல்ல.

ரெண்டாம் பந்திக்கு ஆள் குறையும்னு தெரிஞ்சா, பிரிச்ச பாத்திரத்துலேர்ந்து தலைப்பால் ஊத்தறதுக்கு முன்னாடியே தேவையில்லாததை எடுத்து, ஆறவெச்சு ஃபிரிட்ஜ்ல வெச்சிருங்க. அதுக்கான தலைப்பாலையும் தனியா வைங்க. ராத்திரி சூடாக்கி, தலைப்பால் ஊத்தி, எலுமிச்சை பிழிஞ்சா புதுச் சொதி. இடியாப்பத்துக்கு நல்லாருக்கும். எலுமிச்சை சேர்த்த சொதி மிஞ்சினா நேரா அடுப்புல வைக்காதீங்க, வெந்நீர்ச் சருவத்துக்குள்ள பாத்திரத்தை இறக்கிச் சூடு பண்ணுங்க. மத்தியானம் முழுக்க மாடி வெயில்ல இருந்தது மட்டும் வேண்டவே வேண்டாம், கொட்டிருங்க.