கடைசியாக உடலுறவு எப்போது? தெரிந்தவர்கள் எழுதுங்கள்

களியக்காவிளைக்காரி:
2019–21 தேசிய குடும்பநல ஆய்வில் வீடு வீடாகக் கேள்வி கேட்கப் போனவள் நான். அந்தக் கேள்வி வருவதற்குள் மாமியாரை வெளியே அனுப்பப் படும் பாடு போனவர்களுக்குத்தான் தெரியும். "கடைசியாக எப்போது சேர்ந்தீர்கள்?" என்று கேட்டு, பதிலை நாள், வாரம், மாதம், வருஷம் என நாலில் ஒன்றில் பதிய வேண்டும். ஒரு வீட்டில் கணவர் கல்ஃபில். அந்த அக்கா வெட்கப்படவே இல்லை. எழுந்து போய்க் காலண்டரைப் புரட்டினார். புதுசுக்கு அடியில், அதே ஆணியில், போன வருஷத்தது. கணவர் ஃபிளைட் ஏறின தேதியில் சிவப்புப் பேனா வட்டம். விரல்விட்டு எண்ணிவிட்டு, "பதினாலு மாசம்னு போடு மக்களே. வருஷம்னு போட்டா ரொம்ப மாதிரி தெரியும்" என்றார். ஆனால் பன்னிரண்டு மாதம் தாண்டினால் வருஷத்தில்தான் பதிய வேண்டும். நான் தட்டுவதை அவர் எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

லயத்துக்காரன், வண்டிப்பெரியாறு:
அவருக்காவது கடல் நடுவில். எங்களுக்கு ஒரே பாய். எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுதான் லயம். ஒரு அறை, ஒரு அடுக்களை, பக்கத்து வீட்டு இருமல் நம் வீட்டில் கேட்கும். மூத்தவளுக்குச் சடங்கு முடிந்த அன்று ராத்திரி, என் சம்சாரம் மகளின் தலையணையை எடுத்து எங்கள் இருவருக்கும் நடுவில் போட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. மகள் கல்யாணமாகிக் கம்பம் போய்விட்டாள். எங்களுக்குப் பழைய பழக்கம் திரும்பவில்லை.

புளியரை அண்ணாச்சி:
தம்பி, இடத்தைக் குறை சொல்லாதீர்கள். அமெரிக்காவில் ஆளுக்கொரு அறை இருக்கிறது. அங்கே 2018 பொதுச் சமூக ஆய்வில், பெரியவர்களில் சுமார் 23 சதவீதம் பேர் ஒரு வருஷமாக எதுவுமே இல்லை என்றார்கள். என் கதை சின்னது: சர்க்கரை. செங்கோட்டையில் லாட்ஜில் ரூம் போட்டிருந்த வைத்தியர், நாடி பிடிக்கும் முன்பே லேகிய டப்பாவை என் மடியில் வைத்துவிட்டார்.

அதனால் சொல்கிறேன், கேளுங்கள். சர்க்கரை ரத்தக்குழாயையும் நரம்பையும் கெடுக்கும். முதலில் ரத்தச் சர்க்கரையின் மூன்று மாத சராசரி பாருங்கள். பிரஷர் மாத்திரைகள் சிலதும், மனச்சோர்வு மாத்திரைகள் பலதும் ஆசையைக் குறைக்கும். நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் மாற்றித் தரக் கேளுங்கள். விறைப்புக் குறைவது சில பேருக்கு இதய நோயின் முன்னறிவிப்பாகவும் இருக்கும். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரை எடுப்பவர்கள் வயாகராவைத் தொடவே கூடாது, பிரஷர் தடாலென்று இறங்கிவிடும். பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் வறட்சியால் வலிக்கும். "வேண்டாம்" என்பதற்குச் சில நேரம் அதுதான் காரணம். அதற்கும் களிம்பு இருக்கிறது. அப்புறம் குடி, குறட்டை, செல்போன்...

மீனாட்சிபுரம்:
அண்ணாச்சி, லயத்து அண்ணன் மாத்திரை கேட்டாரா? நீங்கள் சொன்ன 23 சதவீதத்தில் கல்யாணம் ஆகாதவர், துணையை இழந்தவர் எல்லாரும் சேர்த்திதான். அத்தனை பேரும் நோயாளியா? ஜப்பானில் 2015 தேசிய ஆய்வில், 18 முதல் 34 வயதுக்குள் கல்யாணமாகாத ஆண்களில் 42 சதவீதமும் பெண்களில் 44 சதவீதமும் அனுபவமே இல்லாதவர்கள். அவர்களுக்கெல்லாம் சர்க்கரையா?

என் அண்ணனுக்கு நாற்பது தாண்டிவிட்டது. தென்னந்தோப்பு இருக்கிறது, பெண்தான் கிடைக்கவில்லை. பொள்ளாச்சிப் பக்கம் தேடி ஓய்ந்து, இப்போது பாலக்காட்டுப் பக்கம் புரோக்கர் வைத்துப் பார்க்கிறோம். போன மாதம் பெண் வீட்டில் டீ வைத்தார்கள். பெண் நேராக, "வேற யாராவது உண்டா?" என்று கேட்டாள். அண்ணன், "யாருமே இல்லை, எப்பவுமே இல்லை" என்றான். அவளுடைய அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்த பார்வை இருக்கிறதே! அன்று மாலையே புரோக்கருக்கு ஃபோன் வந்துவிட்டது, வேண்டாம் என்று. இருந்திருந்தாலும் குற்றம், இல்லாவிட்டாலும் குற்றம்.

அப்புறம் எனக்கு அந்த நாட்டமே கிடையாது. சின்ன வயதிலிருந்தே இல்லை. நன்றாகத்தான் இருக்கிறேன். களிம்பு வேண்டாம்.

புளியரை அண்ணாச்சி:
கோபப்படாதே தாயி. தைராய்டு மட்டும் ஒரு தடவை பார்த்துவிடு.

களியக்காவிளைக்காரி:
அண்ணாச்சி, போதும்.