வாயில் தெரிந்த கசப்பு: மெர்ஸ் காலத்து மருத்துவமனை அனுபவங்கள்

டயாலிசிஸ் செவிலியர், திருநெல்வேலி (முன்பு ஜித்தா)

2011 முதல் 2016 வரை சவூதி அரேபியாவின் ஜித்தா நகரில் ஒரு தனியார் மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் பணியாற்றினேன். மெர்ஸ் (மத்திய கிழக்கு சுவாச நோய்க்குறி) என்ற கடுமையான சுவாச நோயை உண்டாக்கும் வைரஸ் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதும் அதே நகரத்தில்தான். 2012 ஜூனில் நிமோனியாவும் சிறுநீரகச் செயலிழப்பும் சேர்ந்து இறந்துபோன 60 வயது நோயாளி ஒருவரின் சளியிலிருந்து, டாக்டர் அலி முகமது ஸாக்கி என்ற எகிப்திய வைரஸ் ஆய்வாளர் அதைப் பிரித்தெடுத்தார். செப்டம்பரில் புரோமெட் என்ற மின்னஞ்சல் வலையமைப்பின் வழியாக உலகுக்கு அறிவித்தார். ஆனால் அதே ஊரில் வேலை செய்த எனக்கு அந்தச் செய்தி தொலைபேசியில் அம்மா சொல்லித்தான் தெரிந்தது. "அங்கே ஏதோ புதுக் காய்ச்சலாமே, கவனமாக இரு" என்றார்.

2013 வசந்த காலத்தில் கிழக்கு மாகாணத்தின் அல் அஹ்ஸாவில் 23 பேருக்குத் தொற்று உறுதியாகி, அவர்களில் பலருக்கு டயாலிசிஸ் பிரிவிலேயே அது பரவியது தெரிந்த பிறகு, எங்கள் பிரிவுக்கும் ஒரு சுற்றறிக்கை வந்தது. காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் உள்ளவர்களைத் தனிமைப்படுத்த வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒரே பக்கம். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் இன்-சார்ஜ் சிஸ்டர் நீட்டினார், எல்லோரும் கையெழுத்திட்டோம். நானும் இட்டேன். அந்த மூன்று அறிகுறிகளையும் யார் கேட்டிருந்தாலும் தூக்கத்திலும் சொல்லியிருப்பேன்.

2014 ஏப்ரலில், வாரம் மூன்று முறை எங்களிடம் வந்துகொண்டிருந்த ஒரு முதிய பெண்மணிக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் இருந்தன. உடல் வெப்பநிலை இயல்பாக இருந்தது. இலேசான இருமலை நாங்கள் உடலில் நீர் சேர்ந்ததால் வந்தது என்று எடுத்துக்கொண்டோம். சிறுநீரக நோயாளிகளிடம் அது அன்றாடம் பார்ப்பதுதான். நான்கு மணி நேரம் அவர் அந்த நாற்காலியில் இருந்தார். கை நீட்டினால் அடுத்த நோயாளியைத் தொட்டுவிடலாம். வாந்தி வந்தபோது முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாதாரண அறுவை முகக்கவசம் மட்டும் அணிந்திருந்தேன். இரண்டாம் நாள் அவர் வெண்டிலேட்டரில் இருந்தார், பரிசோதனை முடிவும் வந்துவிட்டது. சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் இந்த நோய் காய்ச்சலே இல்லாமல், வயிற்று உபாதையாகவே தொடங்கலாம் என்பதை அதன் பிறகுதான் எங்களுக்குச் சொன்னார்கள். பதினான்கு நாள் அறைக்குள் இருந்தேன். எனக்குத் தொற்றவில்லை. என் பக்கத்து நாற்காலிகளைக் கவனித்துக்கொண்ட பிலிப்பைன்ஸ் தோழிக்குத் தொற்றியது. ஐந்து வாரங்கள் கழித்து உயிரோடு திரும்பினார், இறைவனுக்கு நன்றி.

திரும்பி வந்ததும் எங்களுக்கு முதல்முறையாக, முகக்கவசம் முகத்தில் இடைவெளியின்றிப் பொருந்துகிறதா என்று பார்க்கும் ஃபிட் டெஸ்ட் நடத்தினார்கள். என்95 கவசத்தை அணியச் செய்து, தலைக்கு மேல் ஒரு கூண்டுபோன்ற உறையை மாட்டி, அதற்குள் கசப்பு மருந்தைப் புகையாகத் தெளித்தார்கள். கசப்புத் தெரிந்தால் கையை உயர்த்த வேண்டும். தெளித்து மூன்று மூச்சு விடுவதற்குள் என் நாக்கின் அடிவரை வேப்பங்காயைக் கடித்ததுபோல் இறங்கியது. நடுத்தர அளவு எனக்குப் பெரியதாம். ஓராண்டாக அந்த அளவையே அணிந்துகொண்டு, பாதுகாப்பாக இருக்கிறேன் என்று நம்பி ஐசியூ நோயாளிகளுக்கு டயாலிசிஸ் செய்யப் போய்வந்திருக்கிறேன். கூண்டுக்குள்ளேயே அழுதுவிட்டேன்.

உங்களில் யார் யார் அங்கே அந்த ஆண்டுகளில் பணியில் இருந்தீர்கள், உங்களுக்கு முன்கூட்டியே என்ன சொல்லப்பட்டது என்பதை எழுத வேண்டுகிறேன்.

அவசரப் பிரிவுச் செவிலியர், கன்னியாகுமரி (தற்போது ரியாத்)

சகோதரிக்கு வணக்கம். நான் 2014 இறுதியில்தான் இங்கு வந்தேன். அதற்குள் ஜித்தாவில் 250க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டு, சுகாதார அமைச்சரே மாற்றப்பட்டு, பழைய பதிவுகளை மறுபடி ஆராய்ந்ததில் முன்பு கணக்கில் வராத 113 பேர் கண்டறியப்பட்டிருந்தனர். ஆகவே எங்கள் தலைமுறைக்குப் பயிற்சி முறையாகவே கிடைத்தது. வாசலிலேயே மேசை போட்டு, காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல், ஒட்டகத் தொடர்பு (இந்த வைரஸ் ஒட்டகத்திடமிருந்தும் மனிதருக்குத் தொற்றும்), அண்மையில் மருத்துவமனைக்குச் சென்றது என ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் இட்டு, நான்கைத் தொட்டால் உடனே முகக்கவசம் கொடுத்துத் தனி அறைக்கு அனுப்புவோம்.

பயிற்சி இருந்தும் நான் தவறிய ஒரு நாளைச் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த அரபு, விமானம் ஏறுமுன் மனப்பாடம் செய்த அரபு. எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவரிடம், "ஜமல் (ஒட்டகம்) உண்டா?" என்று கேட்டேன். இல்லை என்று உறுதியாகத் தலையசைத்தார். மதிப்பெண் மூன்றில் நின்றது. பொதுக் காத்திருப்பு அறையில் உட்காரச் சொன்னேன். ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்து வந்த அவருடைய மகன், தந்தை மாலைதோறும் பண்ணைக்குப் போய்க் காய்ச்சாத ஒட்டகப் பால் குடிப்பவர் என்று பேச்சுவாக்கில் சொன்னார். மந்தையை அவர்கள் 'இபில்' என்பார்கள். அதிலும் சொந்த மந்தை இல்லாதவருக்கு 'உண்டா' என்று கேட்டால் இல்லை என்பதுதானே நேர்மையான பதில்! அந்த அறையில் அப்போது பதினெட்டுப் பேர் இருந்தனர், ஒரு கைக்குழந்தை உட்பட. நல்லவேளையாக அவருக்கு வந்தது வேறு நிமோனியா. அன்று முதல் நான் கேட்பது மூன்று கேள்விகள்: பண்ணைக்குப் போனீர்களா, பால் குடித்தீர்களா, வீட்டில் யாராவது ஒட்டகம் மேய்க்கிறார்களா.

2015இல் தென் கொரியாவில் நடந்ததும் இதே கேள்வி சம்பந்தப்பட்டதுதான் என்பது என் கருத்து. வளைகுடா நாடுகளுக்குச் சென்று திரும்பிய ஒரே பயணி நோய் உறுதியாவதற்குள் பல மருத்துவமனைகளை ஏறி இறங்கினார். முடிவில் 186 பேருக்குத் தொற்று, 38 பேர் மரணம். எங்கே போய்வந்தீர்கள் என்பதை முதல் வாசலில் கேட்டு, மற்ற வாசல்களுக்கும் சொல்லியிருந்தால் அந்த எண்ணிக்கை இவ்வளவு வளர்ந்திருக்காது.

ஆய்வக நுட்பநர், வேலூர் (முன்பு தம்மாம்)

சுருக்கமாக ஒன்று. 'நெகட்டிவ்' என்று நாங்கள் அனுப்பிய முடிவைப் பார்த்து, தனிமையிலிருந்த நோயாளியைப் பொது வார்டுக்கு மாற்றியதை இருமுறை கண்டிருக்கிறேன். இந்த வைரஸ் நுரையீரலின் ஆழத்தில்தான் மிகுதியாக இருக்கும். மூக்கிலும் தொண்டையிலும் எடுத்த மாதிரியில் தப்பியது, மூச்சுக்குழாய் வழியாக உறிஞ்சி எடுத்த சளியில் பிடிபடும். எடுப்பவருக்கு அதுதான் ஆபத்து அதிகமான வேலை என்பதால் எளிய மாதிரியே எங்களுக்கு வந்துகொண்டிருந்தது. ஆய்வகத்தில் இருந்த எங்களுக்கு இது தெரியும். வார்டில் இருந்தவர்களுக்குத் தெரியுமா என்று நாங்கள் கேட்டதில்லை. அந்தப் பொறுப்பில் எனக்கும் பங்கு உண்டு.

இன்னொன்று: 2020 ஜனவரியில் சவூதியின் அசீர் பகுதியில் பணிபுரிந்த கேரளச் செவிலியர் ஒருவருக்குத் தொற்று உறுதியானபோது, அது வூஹானின் புதிய வைரஸ் என்றே முதலில் செய்தி பரவியது. பிறகுதான் மெர்ஸ் என்று தெளிவாயிற்று. புதியது வந்துவிட்டால் பழையதை மறந்துவிடுகிறோம்.

துப்புரவு மேற்பார்வையாளர், புதுக்கோட்டை (முன்பு ஜித்தா)

நான் மருத்துவம் படித்தவன் அல்லன். ஒப்பந்த நிறுவனத்தின் வழியாக ஒரு மருத்துவமனையில் முப்பது பேரைக் கொண்ட துப்புரவுக் குழுவைப் பார்த்துக்கொண்டேன். தமிழர், வங்காளிகள், நேபாளிகள் என்று கலந்திருந்தோம். மேலே குறிப்பிட்ட சுற்றறிக்கை எங்கள் மருத்துவமனையில் எங்களிடம் வரவே இல்லை. மெர்ஸ் நோயாளி இருந்த அறையை அவர் இறந்த அன்றே துடைத்தவர்கள் எங்கள் பிள்ளைகள். செவிலியர்கள் கவுனும் கவசமும் அணிந்து உள்ளே போவதைக் கண்ணாடி வழியே பார்த்துத்தான், இது வேறு ஏதோ நோய் என்று நாங்களே புரிந்துகொண்டோம்.

பின்னர் தொற்றுத் தடுப்புப் பிரிவிலிருந்து ஓர் அம்மையார் வந்து, அணிவதையும் கழற்றுவதையும் செய்து காட்டினார். கழற்றும்போதுதான் கை அழுக்காகும் என்று அவர் சொன்னதைக் கையுறைப் பெட்டியின் அட்டையைக் கிழித்துத் தமிழில் எழுதினேன். கீழே ஒரு தம்பி வங்காளத்தில் எழுதினான். அதை உடைமாற்றும் இடத்தில் ஒட்டினோம். 2017இல் நான் விடைபெற்றபோதும் அந்த அட்டை அங்கேயே இருந்தது.

டயாலிசிஸ் செவிலியர், திருநெல்வேலி

அண்ணா, உங்கள் செய்தியைப் படித்து நெடுநேரம் எழுத முடியவில்லை. எங்கள் பிரிவில் அந்த அம்மாவின் நாற்காலியைத் துடைத்தவர் யார் என்று நான் அன்று கேட்கவில்லை. தனிமைப்படுத்தப்பட்டவர்கள் பட்டியலில் செவிலியர்களும் மருத்துவர்களும் மட்டுமே இருந்தார்கள். அந்த அட்டையில் எழுதியிருந்ததை நினைவிருந்தால் இங்கே எழுதுவீர்களா? எங்கள் ஊர் மருத்துவமனையின் துப்புரவுப் பணியாளர்களுக்குக் கொடுக்க விரும்புகிறேன்.

துப்புரவு மேற்பார்வையாளர், புதுக்கோட்டை

நினைவிருக்கிறது, தங்கச்சி. "முதலில் கையுறை. கை கழுவு. கண்ணாடியைப் பின்பக்கமாகப் பிடித்துக் கழற்று. கவுனை உள்பக்கம் வெளியே வரும்படி சுருட்டு. வெளியே வந்து கதவைச் சாத்து. அதன் பிறகே முகக்கவசம். முன்பக்கம் தொடாதே, வாரைப் பிடி. மறுபடி கை கழுவு." இவ்வளவுதான். 'கதவைச் சாத்து' என்பதை மட்டும் சிவப்பு மையில் எழுதியிருந்தோம், ஏனெனில் எல்லோரும் அதைத்தான் மறந்தார்கள்.