பிங் (அந்தப் பக்கம் ஆள் இருக்கான்னு தட்டிப் பார்க்குற சின்னச் செய்தி) போகுது, பக்கம் திறக்கலை: ஓஎஸ்ஐ-யோட ஏழு லேயர் (கேபிள்லேருந்து ஆப் வரை நெட்வொர்க் வேலையைப் பிரிச்ச அடுக்குகள்) உங்களுக்கு வேலையில உதவின அனுபவம் இருக்கா?

மகாதேவபுராக்காரன்:
சென்னைக் கிளைக்குப் புது விபிஎன் (இன்டர்நெட் வழியா ஆபீஸ்களை இணைக்குற தனி டனல்) மாத்தின மறுநாள், டிக்கெட் மேல டிக்கெட், அதாவது புகார். பிங் போகுது, சர்வருக்குள்ள போக எஸ்எஸ்ஹெச் லாகினும் ஆகுது. உள்ள போய் பெரிய லாக் ஃபைலைத் திறந்தா ஸ்கிரீன் அப்படியே உறைஞ்சிடும். பில்லிங் பக்கத்துல வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும். "பிங் போகுதே சார், நெட்வொர்க் நல்லாத்தான் இருக்கு"ன்னு ஒரு டீம். "சர்வர் நல்லாத்தான் இருக்கு"ன்னு இன்னொரு டீம்.

கீழேருந்து ஒவ்வொண்ணா மேல வந்தோம். கேபிள் (ஒண்ணாவது லேயர்), சுவிட்ச் (ரெண்டு), ரூட்டிங் (மூணு) எல்லாம் சரி. நாலாவதுல, இணைப்பைத் தொடங்க மூணு பாக்கெட் பரிமாறுற டிசிபி ஹேண்ட்ஷேக்கும் முடியுது. அந்த மூணும் சின்னப் பாக்கெட்தானே. பாக்கெட்டைப் பிடிச்சுக் காட்டுற வயர்ஷார்க்ல பார்த்தா, பெரிய செக்மென்ட் (டிசிபி அனுப்புற டேட்டாத் துண்டு) மட்டும் திரும்பத் திரும்பப் போகுது, பதில் இல்லை.

ஈதர்நெட் ஃபிரேம்ல 1500 பைட் கொள்ளும். விபிஎன் டனல் தன் ஹெடருக்காக (பாக்கெட் முன்னாடி ஒட்டுற விவரம்) அதுல கொஞ்சம் பிடிச்சுக்கும். மிச்ச இடத்துல பாக்கெட் அடங்கலைன்னா, வழியில இருக்குற ரூட்டர் "சின்னதா அனுப்பு"ன்னு ஐசிஎம்பி செய்தி (நெட்வொர்க் தகவல் சொல்ற வகை, பிங்கும் இதுல ஒண்ணு) திருப்பி அனுப்பணும். ஃபயர்வால்ல யாரோ பிங்குக்கு மட்டும் வழிவிட்டு, மத்த ஐசிஎம்பியை மொத்தமா அடைச்சிருந்தாங்க. பாதுகாப்பாம்!

துண்டாக்கக் கூடாதுன்னு சொல்லி 1472 பைட் பிங் விட்டோம் (28 ஹெடர் சேர்ந்தா 1500). சத்தமே இல்லை. 1300-க்கு உடனே பதில். அந்த ஐசிஎம்பியைத் திறந்து, எம்எஸ்எஸ்-ஐ (ஒரு டிசிபி செக்மென்ட்ல போகக்கூடிய அதிகபட்ச டேட்டா) 1360-க்கு இறக்கினதும் பில்லிங் ஓடுச்சு. புகார் வந்தது ஆப் இருக்குற ஏழாவது லேயர்ல, கோளாறு ஐசிஎம்பி இருக்குற மூணாவதுல.

பிடிஎம் பிஜிவாசி:
எங்க பிஜி ஹாஸ்டல்ல வைஃபை சிக்னல் ஃபுல், பாதிப் பேருக்கு நெட் இல்லை. எனக்கு 192.168.0-ல ஐபி, பக்கத்து பெட் தம்பிக்கு 192.168.1-ல. அதாவது ஐபி அட்ரஸ் குடுக்குற டிஹெச்சிபி ரெண்டு இருக்கு; யார் முதல்ல பதில் சொல்றாங்களோ அவங்க குடுக்குற அட்ரஸ்தான். ஏஆர்பி டேபிள்ல (எந்த ஐபிக்கு எந்த மேக்னு காட்டுற பட்டியல்) கேட்வேயோட, அதாவது வெளிய போற வழியா இருக்குற ரூட்டரோட, மேக் அட்ரஸ் (கருவியோட ஹார்டுவேர் நம்பர்) பார்த்தேன். முதல் மூணு பைட் தயாரிச்ச கம்பெனியைக் காட்டிடும். அந்தக் கம்பெனி ரூட்டர் டப்பாவை ரூம் ரூமாத் தேடினோம். மூணாவது மாடியில ஒரு கட்டிலுக்கு அடியில இருந்தது, வெளி நெட்டுக்கான WAN போர்ட்டுல போக வேண்டிய வயர், உள் நெட்டுக்கான LAN போர்ட்டுல. ஓனர் ஆன்ட்டி கன்னடத்துல விட்ட டோஸுக்கு எந்த லேயரும் தாங்காது.

கோரமங்களா அக்கா:
தம்பிகளா, நீங்க சொன்னதெல்லாம் ஒண்ணுலேருந்து நாலுக்குள்ளயே முடிஞ்சிடுது பாருங்க. ஓஎஸ்ஐ தரம் 1984-ல வெளியானது. அதுக்கு முன்னாடியே, 1983 ஜனவரி 1-ல, இன்டர்நெட்டுக்கு முன்னோடியான ஆர்பாநெட் டிசிபி/ஐபிக்கு மாறிடுச்சு. டிசிபி/ஐபியில செஷன், பிரசன்டேஷன் (அஞ்சு, ஆறு) தனி லேயரா இல்லை; அதுக்கு உதாரணம் கேட்டா நாம முழிக்கிறது அதனாலதான். டிஎல்எஸ் (https-ல டேட்டாவைப் பூட்டி அனுப்புறது) எந்த லேயர்னு ஒரு இன்டர்வியூவுல கேட்டாங்க. நாலுக்கு மேல, ஏழுக்குக் கீழன்னேன். சிரிச்சுட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டார்.