குளத்துக்கு ‘செல்வாக்கு மண்டலமா’? கலைச்சொல் வேணும், அவசரம்

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். ஞாயித்துக்கிழமை கிராமசபைக்கு குளம் பாதுகாப்பு நோட்டீஸ் தமிழ்ல அடிக்கணும், 2017 ஈரநில (வெட்லேண்ட்) விதிகள்ல ‘ஸோன் ஆஃப் இன்ஃப்ளூயன்ஸ்’னு வருதே, அதுக்கு என்ன போட? குளத்துக்குத் தண்ணி வர்ற மேட்டுல எங்க கைவெச்சா குளம் கெடுமோ அந்தப் பகுதி. நம்மூரு கேரளாங்கறதால மலையாளத்துல ‘ஸ்வாதீன மேகல’ன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. அதையே சுவாதீனம்னு போட்டா நம்மாளுக கிரயப் பத்திரத்துல பார்த்த வார்த்தை, கவர்மெண்ட் தோப்பை எடுக்குதுன்னு கெளம்பீருவாங்க.

செங்கோட்டை:
செல்வாக்கு மண்டலம்?

பாலக்காடு:
அது எம்எல்ஏவுக்கு சார். தாக்கப் பகுதின்னு வைங்க.

குப்பம் ஐயா:
மண்டலம் வடசொல், வேண்டவே வேண்டாம். தடம்னாலே குளம்தான். மலையாளத்தார் வயலையும் வெட்லேண்டையும் காக்கற 2008 சட்டத்துக்கே நெல்வயல் தண்ணீர்த்தடம்னு பேர் வெச்சுட்டாங்க, நாம ஈரநிலம்னு துணி காயப்போட்ட மாதிரி சொல்லிட்டிருக்கோம். புறநானூறு 18ல வர்ற ‘தட்டோர்’ நீரைத் தடுத்துத் தேக்குனவங்க, தட்டு, தடு, தடம், அப்படியே தடாகம் வரைக்கும் நம்ம வேர்தான்னு நான் அடிச்சுச் சொல்வேன். புலம்னா நிலப்பகுதி, ஆகவே ‘தடப்புலம்’.

டீச்சர்:
ஐயா, எங்க பசங்க பஸ் ரூட்டும்பாங்க.

கோவிந்தாபுரம்:
‘வரத்து’ன்னு ஒண்ணு இருக்கே, வரத்து இல்லாம குளம் காஞ்சு கெடக்குன்னு யாரும் சொல்லுவாங்க. தண்ணி பாயற வயல், அதான் ஆயக்கட்டு, மதகுக்குக் கீழ, வரத்து கரைக்கு மேல. வரத்துப் பகுதி, முடிஞ்சுது.

பாலக்காடு:
முடியலைங்க. அது முழு நீர்ப்பிடிப்பும் ஆயிருமே, விதி சொல்றது அதுல ஒரு பங்கு. வெள்ளம் ஏறுற மட்டத்துல இருந்து 50 மீட்டருக்குள்ள நிரந்தரக் கட்டடம் கூடாதுங்கறது வேற, அதையும் இதையும் குழப்பிக்கிறாங்க. ‘வரத்துக் காப்பு எல்லை’ன்னா?

செங்கோட்டை:
ஒரு டவுட்டு, பாசனத்துக்குன்னே வெட்டுன ஏரியை அந்த விதியே ஈரநிலத்துல சேர்க்கலையே, நெல்வயலையும்தான். நம்மூர்ல அதைக் கழிச்சா மிச்சம் என்ன இருக்கு, வார்த்தைக்கு எதுக்கு இவ்ளோ அடிதடி?

டீச்சர்:
இது தானா தேங்குற பள்ளக்குளம் சார், கணக்குல வரும். பாசன ஏரிக்கு வேற சட்டம் பார்க்கணும், அந்தச் சண்டை அப்புறம். பிரஸ்காரர் ரெண்டு தடவை போன் பண்ணிட்டாரு, வரத்துக் காப்பு எல்லைன்னே அனுப்பறேன், கீழ அடைப்புக்குறிக்குள்ள விளக்கம் ஒரு வரி.

கோவிந்தாபுரம்:
சரி. காப்புன்னா கைல கட்டறதாங்கன்னு ஒருத்தராவது கேப்பாங்க, பாருங்க.

குப்பம் ஐயா:
எல்லைங்கறதை நான் ஒத்துக்கல, புலம்தான் சரி. தட்டோர் பத்தி விரிவா தனி மடல் போடறேன்.