மின்சார வண்டியும் பொருந்தாத பிளக்கும்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் வசிக்கிறேன், வேலை கோவையில். வேலந்தாவளம் வழியாக மின்சார ஸ்கூட்டரில் போய்வருகிறேன். வண்டியில் ஒரு குறையும் இல்லை. என் கோபமெல்லாம் பிளக்கின் மேல்தான்.

ஒருநாள் மழையில் சுற்றுவழியாக வர நேர்ந்து, சார்ஜ் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. சாலையோர உணவகம் ஒன்றின் முன் வேக சார்ஜர் தெரிந்ததும் உயிர் வந்தது. ஆனால் அது வேறு கம்பெனி வண்டிக்கானது. துளையின் வடிவமும் வேறு, உள்ளே இருந்த ஊசிகளும் வேறு. மின்சாரம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் வண்டிக்குள் ஏற வழியில்லை.

எல்லை தாண்டி ஊர்ந்து வந்து, கேரள மின்வாரியம் மின்கம்பத்தில் பொருத்தியிருக்கும் சார்ஜிங் பெட்டியில்தான் கடைசியில் ஏற்றினேன். அதில் இருப்பது வீட்டுச் சுவரில் உள்ள அதே மூன்று முனை சாக்கெட். மெதுவாகத்தான் ஏறும். ஆனால் யார் வண்டிக்கும் ஏறும்!

தனக்கென்று ஒரு பிளக் வைத்துக்கொண்டால் வாடிக்கையாளர் வேறு பக்கம் போக மாட்டார் என்பது கம்பெனிகளின் கணக்கு. மின்சார ஸ்கூட்டர் கம்பெனியான ஏத்தர் 2021இல் தன் பிளக் வடிவமைப்பை மற்றவர்களுக்கும் திறந்துவிட்டது. ஹீரோ கம்பெனியின் மின்சார ஸ்கூட்டரான விடா அதையே எடுத்துக்கொண்டது. அதை ஒட்டி 2023இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் (பிஐஎஸ்), ஸ்கூட்டர் போன்ற இலகுரக மின்வாகனங்களின் பிளக்குக்கு ஐஎஸ் 17017 வரிசையில் ஒரு பொதுத் தரத்தை வெளியிட்டது. அதன் பிறகும் வெவ்வேறு பிளக்குகளோடு வண்டிகள் விற்பனைக்கு வந்தபடியே இருந்தன. அப்போதே கட்டாயமாக்கியிருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் முதல் புதிய கைபேசிகளுக்கு டைப்-சி துளையைக் கட்டாயமாக்கியதே, இங்கே என்ன தடை?

*

நான் குமுளியிலிருந்து எழுதுகிறேன். உங்களுடையது ஸ்கூட்டர், என்னுடையது கார். முன்பு டாக்சியாக ஓடியதை மலிவாகக் கிடைக்கிறதே என்று அண்ணன் வாங்கி, பிறகு என்னிடம் கொடுத்தார். அதில் இருப்பது பழைய பாரத் டிசி-001 துளை. 2017 வாக்கில் அரசே முன்வைத்த முறை; உச்சமே 15 கிலோவாட்தான். பெரிய பேட்டரி கார்கள் வந்ததும் எல்லாரும் இன்னும் வேகமாக ஏற்றும் சிசிஎஸ்-2 என்ற வேறு பிளக் பக்கம் போய்விட்டார்கள். அரசு சொன்னதை நம்பி வாங்கியவர்களுக்கு யார் பதில் சொல்வது?

கம்பம் ஊரில் சார்ஜ் ஏற்றிக்கொண்டால், அடிவாரத்து லோயர் கேம்பிலிருந்து மலை ஏறுவது நிம்மதி. ஆனால் புதிய நிலையங்களில் சிசிஎஸ்-2 பிளக் மட்டுமே தொங்குகிறது. அதனால் வீட்டிலேயே இரவு முழுக்கப் போட்டு எடுத்துப் போகிறேன். விற்கவும் பார்த்தேன். வந்தவர் பேட்டரியைப் பற்றிக் கேட்கவே இல்லை. மூடியைத் திறந்து துளையைப் பார்த்தார், பேசிய விலையில் பாதிதான் தருவேன் என்றார்.